தலை தூக்காதவர்

ஜப்பானியச் சிரிப்புப் படங்களையும் தாதா படங்களையும் நான் தனியாகத்தான் பார்ப்பேன். குடும்பத் தலைவன் வாய்விட்டுச் சிரிப்பதைப் பிறர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நேற்று மதியம் பார்த்த படத்தில் இரண்டும் கலந்திருந்தன. ஊரையே நடுங்கவைக்கும் ஒரு கிழட்டுத் தாதா, தன் மகன் கல்யாணத்துக்குத் தான் அழைக்காமல் விட்ட நூடுல்ஸ் கடைக்காரியின் முன்னால் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைக்கிறார். அவள் ஆறிப்போன சூப்பை அவர் பிடரியில் ஊற்றுகிறாள். காதோரம் ஒரு நூடுல்ஸ் இழை தொங்குகிறது. அவர் தலையைத் தூக்கவில்லை. முதல் தடவை கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை. இவ்வளவு கீழே போயும் அந்த மனிதர் சிறுத்துப்போகவில்லையே என்று பிரமித்தேன். மூன்றாம் தடவை படத்தை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன்.

காபி கொண்டுவந்த என் மனைவி கோமளவல்லி திரையைப் பார்த்தாள்.

"இன்னுமா எந்திரிக்கல அந்தாளு?"

"இல்ல."

"எங்கண்ணன் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதாங்க இருக்கு. ஜப்பான் வரைக்கும் போகவேணாம்."

எங்கள் மகளின் கல்யாணப் பத்திரிகையை, தாய்மாமனான அவருக்குத் தாம்பாளத்தில் வைத்து நேரில் கொடுக்காமல் தபாலில் அனுப்பியவன் நான். அவர் வரவில்லை. ஒன்பது வருடமாக அண்ணனும் தங்கையும் பேசவில்லை.

அவள் உள்ளே போனதும் மண்டியிட்டுப் பார்த்தேன். முழங்கால் வலித்தது. நெற்றிக்குத் தரை குளிர்ச்சியாக இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, அவள் கால்கள் வந்து நின்றன. சிரிப்பாள் என்று காத்திருந்தேன். வெற்றிலை பாக்கு அடுக்கிய தாம்பாளத்தை என் தலைக்கருகில் சத்தமில்லாமல் வைத்தாள்.