மூன்றாவது தட்டு

"ஏன் வாசல்லயே நிக்கிறே? உள்ள வாப்பா. காலையிலேர்ந்து உன்னையேதான் கேட்டுக்கிட்டு இருக்கார்" என்று அம்மா கதவைப் பாதி திறந்தாள்.

அவன் எதிர்வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான். யாரோ சட்டென்று திரையை இழுத்து மூடினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் உள்ளே நுழைந்தான்.

நல்ல வெயில் நேரம். ஆனாலும் அறையில் ஒரு குளிர் தங்கியிருந்தது. சுவரில் மாட்டியிருந்த மகனின் படத்தை அம்மா சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அதுதான். அடுத்த வேலை, மேசையில் மூன்றாவது தட்டு வைப்பது.

அப்பா ஏற்கெனவே மேசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பார்வை போய் ரொம்ப நாளாகிறது.

"வந்துட்டியாடா?"

"வந்துட்டேன்ப்பா."

"உக்காரு. கையைக் கொடு." பற்றிக்கொண்டார். "என்னடா இப்படி ஜில்லுன்னு இருக்கு?"

அம்மா அவசரமாகச் சோறு பரிமாறினாள்.

அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, ஊர் விஷயம் பேசுவதுபோலச் சாதாரணமாகக் கேட்டார். "உன்னைப் புதைச்சப்போ நானும் ஒரு பிடி மண்ணு போட்டேன். தெரியுமா?"

அம்மாவின் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது.

"சாப்பிடுங்கப்பா" என்றான் அவன்.

"பெட்டி மேல மண்ணு விழுந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. நீ என்னடான்னா வாரா வாரம் வந்து பக்கத்துல உக்காந்து சாப்பிடறே. போதகர்கிட்ட சொன்னேன். மனுஷன் என் தலையில கையை வெச்சு நீளமா ஒரு ஜெபம் பண்ணிட்டு, ஓட்டமா ஓடிட்டார்."

அவர் மட்டும் சிரித்தார்.

"ஒண்ணு கேக்கணும்டா. அன்னைக்கு உன் மேல மோதின லாரி நிக்கலைன்னு ஆளாளுக்குச் சொல்றாங்களே, நிஜமா?"

அவன் உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்தான். அம்மா 'வேண்டாம்' என்று தலையசைத்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"நிஜம்தான்ப்பா. பயத்துல கொஞ்ச தூரம் போயிடுச்சு. அப்புறம் திரும்பி வந்துச்சு."

"அதுக்குள்ள?"

"அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு."

"ஓட்டினவன்?"

"ரோட்டுல உக்காந்து, மடியில தூக்கி வெச்சுக்கிட்டு அழுதான்."

அப்பாவின் விரல்கள் அவன் மணிக்கட்டை இறுக்கின. நாடி பார்ப்பதுபோல அங்கேயே அழுத்திப் பிடித்திருந்தார். எங்கோ ஒரு கதவு காற்றில் அடித்துக்கொண்டது.

"உங்கம்மாவுக்கு எல்லாம் சுலபமா வந்துடுது" என்றார் மெல்ல. "எனக்கு அப்படி இல்ல. கர்த்தர் கத்துக்கொடுத்த ஜெபத்தைச் சொல்லுவேன். மத்தவங்களை மன்னிக்கிறோம்னு சொல்ற இடம் வந்தா தொண்டை அடைச்சுக்கும். அங்கேயே நிறுத்திட்டுப் படுத்துடுவேன். இன்னைக்கு நாம சேர்ந்து சொல்லிப் பார்க்கலாமா?"

மூவரும் கண்களை மூடினார்கள். அப்பா ஆரம்பித்தார். மற்ற இருவரும் கூடவே சொன்னார்கள். அந்த இடம் வந்தது. அப்பாவின் குரல் தடுமாறவில்லை, நிதானமாகத் தாண்டிப் போனது. அவனுடைய குரல்தான் உடைந்து நின்றுவிட்டது.

அப்பா ஆமென் சொல்லி முடித்தார்.

அவன் கை கழுவிவிட்டு, "போயிட்டு வரேன்ம்மா" என்று முணுமுணுத்தான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். "தப்பா எடுத்துக்காதேப்பா, அவருக்கு நினைவு சரியில்ல" என்று அவன் காதருகே சொன்னாள்.

அப்போது உள்ளேயிருந்து அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"டிரைவர் தம்பி, லாரியைப் பார்த்து ஓட்டுங்க! நீங்க யாருன்னு முதல் நாளே தெரியும், மன்னிக்கிறதுக்குத்தான் எனக்கு இத்தனை ஞாயித்துக்கிழமை ஆயிடுச்சு."