முதல் சம்பளப் போர்வை

அந்தப் புது நர்ஸ் பையை இரண்டு கையாலும் நீட்டினாள். முதல் ஊசி போட்ட அன்றுகூட இவ்வளவு பயந்ததில்லை.

ஐ.சி.யூ. வாசலில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள், பையை வாங்காமல் இவள் முகத்தையே பார்த்தாள். ஏழாம் கட்டில்காரரின் மனைவி. அவரை வார்டிலிருந்து உள்ளே தூக்கிக்கொண்டு போய் இன்றோடு பதினோரு நாள். மெஷின்தான் மூச்சு விடுகிறது. அவர் இன்னும் கண் திறக்கவில்லை.

"என்ன கண்ணு இது?"

"போர்வைம்மா. இங்க ஏசி குளிருமே... எனக்கு முதல் சம்பளம் வந்துச்சு."

வாய் கூசியது. காலையில்தான் பெற்ற தாயிடம் போனில், இன்னும் சம்பளம் வரவில்லை என்று சொல்லியிருந்தாள். நர்ஸ் மகளின் முதல் சம்பளத்தைப் பற்றி அதற்குள் தெருவுக்கே தண்டோரா போட்டிருந்த அம்மா, "வரட்டும், வரட்டும்" என்று சமாதானம் சொன்னாள்.

கூடச் சேர்ந்த நர்ஸ்களில் ஒருத்தி புதுப் போன் வாங்கினாள். ஒருத்தி அம்மாவுக்குக் கம்மல் எடுத்தாள். இன்னொருத்தி விடுதி முழுவதற்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துவிட்டு, மறுநாளே பஸ்ஸுக்குக் கைமாற்று கேட்டாள். "நீ என்னடி வாங்கினே?" என்று இவளைக் கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாள்.

கடையில் இருந்ததிலேயே கனமான போர்வை. பேரம் பேச வாய் வரவில்லை.

போர்வை ஒரு சாக்குதான். வெறுங்கையோடு வந்து சொல்லக்கூடிய சங்கதியா அது?

வார்டில் சேர்ந்த முதல் வாரமே ஒரு சீனியர் அக்கா தொழில் ரகசியம் சொல்லிக் கொடுத்திருந்தாள். காய்ச்சல் பார், பிரஷர் பார், நாடி பிடி. மூச்சை மட்டும் ஒரு நிமிஷம் நெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்று எண்ண வேண்டும். அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? சரியான அளவு இருபதுதானே, அதைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போ.

அந்த வார்டில் முப்பது பேர். முப்பது பேருக்கும் மூச்சு இருபது. ராணுவத்தில்கூட அப்படி ஒரே சீராக மூச்சு விடமாட்டார்கள்.

அன்று ஏழாம் கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிற மனிதரை எழுப்புவானேன் என்று கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்து இருபது எழுதிவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்து அவர் உதடு நீலம் பாரித்துக் கிடந்தார்.

யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாக்டர் சார்ட்டைப் பார்த்துவிட்டு, அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, திடீரென்று வந்துவிட்டது என்று குடும்பத்தாரிடம் சொன்னார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள்.

பதினோரு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். முதல் சம்பளமே கடைசிச் சம்பளமாகப் போனாலும் போகட்டும். பஸ்ஸில் வரும்போது உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பழகினாள். அன்னைக்கு நான் மூச்சை எண்ணவே இல்லம்மா. ஐந்தே சொல்.

அம்மாள் ஒருவழியாகப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னாள்.

உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமினாள்.

அம்மாள் முந்திக்கொண்டாள்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன் கண்ணு. என் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது. நீ அன்னைக்கு வந்துட்டுப் போன உடனேயே அவரு, மூச்சு முட்டுது, அந்தப் பொண்ணைக் கூப்பிடுன்னாரு. நான்தான் அந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். எப்பவும் போல இருபதுன்னு இருந்துச்சு. இப்பதானே பார்த்து எழுதிட்டுப் போச்சு, சும்மா சும்மா அந்தப் பிள்ளையை அலைக்கழிக்காதீங்க, பேசாம படுங்கன்னு அதட்டிட்டேன். அதுக்கப்புறம் மனுஷன் வாயே திறக்கல. ரெண்டு மணி நேரமும் நான் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன்."

ஐ.சி.யூ. கதவு திறந்தது. யாரோ ஒருவர் வெளியே வந்து, அவர்களைப் பார்க்காமலே கடந்து போனார். கதவு தானாகவே மூடிக்கொண்டது.

அம்மாள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது. "நானே அவரைக் கொன்னுட்டேனோன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

தான் எழுதியது வெறும் பொய்க் கணக்கு என்றுதான் இத்தனை நாள் இவள் நினைத்திருந்தாள். தன்னைக் கூப்பிடச் சொன்ன மனிதரின் வாயை அதுதான் அடைத்தது என்று இப்போதுதான் தெரிந்தது. அந்த ஐந்து சொல்லைச் சொன்னால் போதும், இந்த அம்மாளின் நெஞ்சிலிருக்கும் பாறை இறங்கிவிடும். அதைச் சொல்ல உலகத்தில் வேறு யாராலும் முடியாது.

"தப்பு உங்க மேல இல்லம்மா."

அவ்வளவுதான் வந்தது.

"எல்லாரும் இப்படித்தான் கண்ணு சொல்வாங்க" என்று அம்மாள் அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். "உனக்குத் தங்கமான மனசு."

இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

"டியூட்டிக்கு நேரமாச்சும்மா" என்று எழுந்து விறுவிறுவென்று நடந்தாள்.

அன்று அவளுக்கு விடுமுறை.