பிரெஞ்சுக்காரங்க வர்றாங்க!

"இன்னாங்க, ஓடியாங்க! பிரெஞ்சுக்காரங்க வர்றாங்க!"

விஜயலட்சுமி போட்ட சத்தத்தில், கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்த கொளஞ்சியப்பன் கோடாலியும் கையுமாக ஓடி வந்தார்.

"எங்க? எங்க?"

"போன்லங்க! பாண்டிச்சேரிலருந்து ஒரு அம்மா பேசுனாங்க. அரைகுறைத் தமிழு. நாலு பேராம், ரெண்டு ரூமாம், மூணு நாளு தங்குறாங்களாம். மத்தியானமே வந்துடறாங்க!"

கொளஞ்சியப்பன் கோடாலியைக் கீழே போட்டார்.

வடக்கனந்தலில் இருந்த கரும்புக் கொல்லையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கல்வராயன் மலையில் கரியாலூர் ரோட்டோரம் இருவரும் இந்தத் தங்கும் விடுதியைத் திறந்து ஆறு மாதம் ஆகிறது. தினமும் அறையைப் பெருக்கி, தலையணையைத் தட்டி வைத்ததுதான் மிச்சம். தங்க ஓர் ஆள் வரவில்லை.

எதிர் வீட்டில் நான்கு அறைகளை வாடகைக்கு விடும் ஆல்பர்ட்டிடம் மட்டும் மாசத்துக்கு நாலைந்து பாண்டிச்சேரி கார் வந்து நிற்கும். அவர் பாண்டிச்சேரி ஓட்டலில் இருபது வருஷம் பரிமாறியவர். வாசலில் நின்று 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கையை விரித்தால் போதும், வெயிலுக்குப் பயந்து மலையேறி வரும் வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள்.

"பாஷையக் காட்டி இழுக்குறாரு. நமக்கு மட்டும் வாய் இல்லியா?" என்றாள் விஜயலட்சுமி.

அன்றிலிருந்து சாமை புடைத்தாலும் 'போன்ழூர்', சட்டி கழுவினாலும் 'மெர்சி' என்ற நன்றி. கள்ளக்குறிச்சியில் காலேஜ் படிக்கிற மகள் இலக்கியாவை நச்சரித்து, இன்டர்நெட்டில் பிரெஞ்சிலேயே ஒரு பக்கம் போட வைத்தாள். வாசலில் பிரெஞ்சில் 'நல்வரவு' போர்டும் ஏறியது.

போர்டு மாட்டிய அன்று ஆல்பர்ட் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"அதுல ஒரு எழுத்து தப்பா இருக்குதும்மா."

"இருந்துட்டுப் போவட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் போனதும் புருஷனிடம், "வயித்தெரிச்சலு!" என்றாள்.

இதோ, பலன் கிடைத்துவிட்டது!

வீடு அமர்க்களப்பட்டது. நாட்டுக்கோழிக் குழம்பு காரம் கம்மியாகக் கொதித்தது. விஜயலட்சுமி இரண்டு தரம் புடவை மாற்றினாள். கொளஞ்சியப்பன் கண்ணாடி முன்னால் நின்று 'போன்ழூர்' சொல்லிப் பார்த்தார்.

"அது பஞ்சரு மாதிரி இருக்குது. நீங்க சும்மா சிரிங்க, போதும்."

ஒரு மணிக்கு வெள்ளைக் கார் ஒன்று வளைவில் திரும்பியது. விஜயலட்சுமி புடவையை நீவிவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

கார் ஆல்பர்ட் வாசலில் போய் நின்றது!

ஆல்பர்ட் ஓடி வந்து கார் ஜன்னலில் குனிந்து பிரெஞ்சில் சளசளவென்று பேசினார். கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

விஜயலட்சுமிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரே ஓட்டமாக ரோட்டைத் தாண்டினாள்.

"இன்னாங்க, இது நல்லா இருக்குதா உங்களுக்கு? இத்தினி நாளு எல்லாரையும் இழுத்துக்கினீங்க, நான் வாயத் தொறந்தனா? இவங்க எனக்கு போன் பண்ணி வர்றவங்க. இவங்களையும் வுட மாட்டீங்களா?"

ஆல்பர்ட் முகம் சுருங்கிவிட்டது. உள்ளே போய்விட்டார்.

கார் இந்தப் பக்கம் வந்தது. நடுத்தர வயசு அம்மாவும் அய்யாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் இறங்கினார்கள்.

"போன்ழூர்!" என்றாள் விஜயலட்சுமி, மூச்சு வாங்க.

"போன்ழூர்! வணக்கம்!" என்று நான்கு பேரும் ஒன்றாகக் கைகூப்பினார்கள்.

கொளஞ்சியப்பன் சிரித்தார். நன்றாகவே சிரித்தார்.

கோழிக் குழம்பை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சின்னப் பெண் தட்டில் வைத்த மலைத்தேனை விரலால் வழித்து நக்கினாள். விஜயலட்சுமிக்குக் கால் தரையில் பாவவில்லை. டிரைவர் வீரமுத்துவுக்குச் சோறு போடும்போது பெருமை தாங்காமல் கேட்டாள்:

"எங்க இன்டர்நெட்டப் பார்த்துத்தான வந்தாங்க?"

"இல்லக்கா. இவங்க ரெண்டு வருஷமா ஆல்பர்ட் சார் வூட்லதான் தங்குவாங்க. முந்தாநாளு ரூம் கேட்டு அவருக்குத்தான் போன் பண்ணாங்க. 'என் வூடு ஃபுல்லு, எதிர் வூட்டுக்குப் போங்க, அந்தம்மா சமையல் வாசனை ரோட்டைத் தாண்டி வரும்'னு அவருதான் உங்க நம்பரு குடுத்தாரு. இன்னிக்கு நான்தான் பழக்கத்துல அவரு வாசல்ல நிறுத்திட்டேன். 'இங்க இல்ல, அங்க'ன்னு அவரு கை காட்டிக்கினு இருந்தாரு. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

விஜயலட்சுமிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. 'அவரு வூடு ரொம்பி வழிஞ்சதுக்கு அப்புறம் மிச்சம்தான் நமக்கா?'

சாயங்காலம் அந்த அம்மா ஒரு ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினாள். "இது ஆல்பர்ட்டுக்கு. குடுக்கறீங்களா?"

தயங்கித் தயங்கித்தான் எதிர் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் ஒரு காரையும் காணோம், கொடியில் ஒரு துணியும் இல்லை. தங்கியிருப்பவர்கள் அருவி பார்க்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆல்பர்ட் தட்டில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாம்மா. அவங்கல்லாம் சாப்ட்டாங்களா?"

"ம்... சாப்ட்டாங்க. மத்தியானம் நான் பேசுனது..."

"அட, அத வுடும்மா. மொதோ கெஸ்ட் வர்ற வரைக்கும்தான் கஷ்டம். அப்புறம் அவங்களே நாலு பேரைக் கூட்டிக்கினு வருவாங்க."

"உங்க வூட்ல எல்லா ரூமும் ஃபுல்லாமே?"

"ஆமாம்மா. ஒண்ணுகூட காலி இல்ல."

பொட்டலத்தை வைக்க மேசைப் பக்கம் திரும்பினாள் விஜயலட்சுமி. மேசைக்கு மேலே, சுவரில் நான்கு ஆணிகள்.

நான்கு அறைச் சாவிகளும் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தன.