சாவி அட்டை

சுவர்ப் பிளவிலிருந்து உருவியதும் ஓட்டல் அறை உடனே அணையவில்லை.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். விளக்கு போனது. ஏசி போனது. கடைசியாக, கட்டிலருகே இருந்த எந்திரம் சீறலாய் இறங்கி அடங்கியது.

கனத்த திரை. நடுப்பகலிலும் இருட்டு.

மூக்கில் முகமூடியோடு கணவர் மல்லாந்து கிடந்தார். குழாயில் காற்று வரவில்லை. ஒரு குறட்டை எழுந்தது. இன்னொன்று. அடுத்தது பாதியில் நின்றது.

அவளுக்குத் தெரிந்த அமைதி.

அட்டையைத் திரும்பச் செருகினாள். ஓடிப்போய் எந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள். காற்று ஏறியது. அவர் நெஞ்சு எழுந்து தாழ்ந்தது.

உறங்கினால் மூச்சு நின்று நின்று வரும் உடம்பு. எந்திரம் காற்றைத் தள்ள வேண்டும்.

விடியற்காலை வியட்நாமில் வந்து இறங்கியவர்கள். "எனக்கு முடியல. நீ போய்க் கடலப் பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

கதவைக் கொஞ்சம் திறந்தாள். பக்கத்து அறை அன்னபாக்கியம் நடையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரே குழுவாக வந்தவர்கள்.

"எக்கா, இன்னும் கிளம்பலையா? கீழ பஸ்ஸு நிக்கு."

"கார்ட எடுத்தா கரண்டு போயிருது. அவருக்கு மிசினு ஓடணும்லா."

"இதுக்கா நிக்கிய? எந்தக் கார்டச் சொருவுனாலும் எரியும். எங்க வீட்டுக்காரரு ரேஷன் கார்டச் சொருவிட்டு வந்திருக்காரு. ஏசி ஜில்லுனு ஓடுது. நம்ம ரேஷன் கார்டுக்கு இங்க உள்ள மதிப்பப் பாத்தியளா!"

சிரித்துக்கொண்டே போனாள்.

மற்ற அட்டைகள் எல்லாம் அவருடைய இடுப்புப்பையில். அவளுடைய ஆதாரும் அதில்தான். பை அவர் முதுகுக்கு அடியில்.

அவள் பர்ஸில் ஒன்றே ஒன்று இருந்தது. அவருக்குத் தெரியாது.

பா. கோமதி. பி.எஸ்சி., மூன்றாம் ஆண்டு.

வீட்டில் மகளின் படம் எதுவும் இல்லை. அவர்தான் எல்லாவற்றையும் பரணில் ஏற்றினார். பார்க்க முடியவில்லை என்றார். பிறகு பெயரையும் சொல்லவில்லை.

மகள் இருந்த நாளில் எந்திரம் கிடையாது. இரவெல்லாம் அவர் பக்கத்தில் விழித்துக் கிடப்பாள். மூச்சு நின்றால் தோளைத் தட்டுவாள். வந்துவிட்டால், அடுத்து நிற்பதற்குக் காத்திருப்பாள்.

காது முழுக்க அவர் மூச்சு.

அடுத்த அறையிலும் ஒரு மூச்சு இருந்தது. சிறுவயதிலிருந்தே இளைப்பு உள்ள மூச்சு. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தது.

விடிந்த பிறகுதான் அந்தக் கதவைத் திறந்தாள்.

எந்திரம் அதற்குப் பின் வாங்கியது. அவர் உறங்கினார். அவள் விழித்தே கிடந்தாள். கேட்பதற்கு எதுவும் இல்லாமல்.

சாவி அட்டையை உருவினாள். மகளின் அட்டையைச் செருகினாள்.

விளக்கு எரிந்தது.

எந்திரத்தை ஓடவிட்டு வாசலுக்கு வந்தவள் திரும்பிப் பார்த்தாள். படம் இருந்த பாதி பிளவுக்குள் போயிருந்தது. வெளியே கல்லூரி முத்திரையும் யாரோ போட்ட கையெழுத்தும்.

கண், மூக்கு, வாய், எல்லாம் உள்ளே.

உருவினாள்.

அறை அணைந்தது. எந்திரம் அடங்கியது. குறட்டை எழுந்தது. நின்றது.

இருட்டில் அட்டையை விரலால் தடவினாள். கயிறு கோத்த துளை ஒரு முனையில் இருந்தது. படம் அந்தப் பக்கம்.

கட்டிலில் சத்தமில்லை.

அவள் அவசரப்படவில்லை.

அட்டையின் மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். வழவழப்பான இடத்தில். நெற்றியாக இருக்கலாம்.

இன்னும் சத்தமில்லை.

பிறகு, முகம் வெளியே தெரியச் செருகினாள். நடந்துபோய்ப் பொத்தானை அழுத்தினாள். அவர் நெஞ்சு உயரும்வரை பக்கத்தில் நின்றாள்.

கண் விழித்தால் நேரே படும் இடம்தான் அது.

கீழே, வண்டியில் அன்னபாக்கியம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

"அத்தானத் தனியா விட்டுட்டா வந்திய?"

"தனியா இல்ல. மக கூட இருக்கா."

அன்னபாக்கியம் முகத்தைச் சுருக்கினாள். முன்னால் யாரோ தண்ணீர் பாட்டில் கேட்டார்கள். எடுத்து நீட்டிவிட்டு, கேட்டே விடுவது என்று திரும்பினாள்.

அவள் ஜன்னலில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, உறங்கிப்போயிருந்தாள்.

வண்டி இன்னும் கிளம்பவில்லை.