மூன்றாவது சாவி

வெளியே ஒஹாயோ மழை. பத்திரம் முடித்துத் தரும் ராய்ஸ் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தர, வீட்டை விற்கும் வெர்னா கையெழுத்திட்டுக்கொண்டே போகிறாள். எந்தத் தாளில் அழுகை வரும் என்பது ராய்ஸுக்கும் தரகர் டார்லீனுக்கும் அத்துப்படி. அவன் புருவத்தை உயர்த்துகிறான். அவள் டிஷ்யூ பெட்டியை நகர்த்துகிறாள். வெர்னா அதைத் தொடவில்லை. சாவிகளை மேசைமேல் வைக்கிறாள்.

"மூணுன்னு சொன்னீங்களே, ஒண்ணு குறையுதே?" என்கிறாள் டார்லீன்.

"என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு. முதியோர் இல்லத்துல தலகாணிக்கு அடியில வெச்சிருக்கார். எப்ப வீட்டுக்குப் போகலாம்னு தினம் கேக்கறார். வித்தது அவருக்குத் தெரியாது."

டார்லீன் ராய்ஸைப் பார்க்கிறாள்.

"அவர்கிட்டயே இருக்கட்டும்மா," என்கிறான் ராய்ஸ், கனிவாக. "வாங்கினவங்க எப்படியும் இன்னிக்கே பூட்டை மாத்திடுவாங்க."