மஞ்சள் காயும் வரை

"அப்பா, அந்த ஆளைப் பாரேன். இன்னிக்கும் தூங்கறார்!"

பட்டாசு ஸ்கூட்டரிலிருந்து குதித்தாள். வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். மனசில் பட்டதை அப்படியே வெடித்துவிடுகிற வாய்.

சாலைக்கு எதிரே ஒரு சோளக்கொல்லை. ஆளுயரத்துக்கு மஞ்சளாகத் தகதகவென்று முற்றி நின்றது. அக்கம்பக்கத்து நிலங்களில் அறுவடை முடிந்து வெறும் தரைதான். இந்த நிலத்துக்காரர் மட்டும் ஓரத்து மரத்தடியில், நீல லுங்கியோடு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மல்லாந்திருந்தார்.

"தூங்கட்டுமே, உனக்கு நல்லதுதானே," என்றார் அப்பா. பஸ் டிரைவர். வேலைக்குப் போகிற வழியில் தினமும் இவளை இங்கே இறக்கிவிடுவார்.

நல்லதுதான். ஓவியக் கல்லூரியில் சேர, வெளியில் உட்கார்ந்து நேரில் பார்த்து வரைந்த ஒரு இயற்கைக் காட்சி கேட்டிருந்தார்கள். பட்டாசு அதுவரை வரைந்த மலை, ஏரி எல்லாம் கட்டிலில் உட்கார்ந்து ஃபோனைப் பார்த்து வரைந்தவை.

ஃபோனில் சூரியன் நகராது. இங்கே நகர்ந்து தொலைத்தது. முதல் நாள், மரத்து நிழலை இடப்பக்கம் வரைந்துவிட்டு நிமிர்ந்தால், நிழல் வலப்பக்கம் கிடந்தது. சரியென்று அதையும் வரைந்தாள். ஒரே மரத்துக்கு இரண்டு நிழல். போதாததற்கு, படத்தில் ஈரம் காயாத வானத்தில் ஒரு எறும்பு நடந்து போனது.

அன்றைக்கே அப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கத்தினாள்.

"இது ஒரு நாள்ல முடியாதுப்பா! அதுக்குள்ள இந்த ஆள் சோளத்தை அறுத்துட்டார்னா என் காலேஜும் அதோட போச்சு!"

"ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடேன்."

"ஃபோட்டோல இந்த மஞ்சள் வரவே மாட்டேங்குது!"

அவள் பேசுவதற்கு ஃபோனே தேவையில்லை, அந்தச் சத்தம். மரத்தடித் துண்டுகூட லேசாக அசைந்தது.

மறுநாள் சோளம் இருக்குமோ இருக்காதோ என்று பயந்துகொண்டேதான் வந்தாள். சோளம் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. பயம் போய்விட்டது. பயம் போனால் பட்டாசுக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே! ஊரே அறுத்து முடிச்சாச்சு. நீங்க எப்போ?"

துண்டுக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "அறுக்கலாம்மா. அது எங்கே ஓடப்போகுது?"

"சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமாண்ணே?"

"வேணுந்தான்," என்றுவிட்டு அவர் புரண்டு படுத்தார்.

'இப்படி ஒரு ஆளுக்கு இப்படி ஒரு நிலம்!' என்று எரிச்சலாக வந்தது. கூடவே, 'கடவுளே, நாளைக்கும் இவரை இப்படியே படுக்க வை' என்றும் வேண்டிக்கொண்டாள். இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்ததில் அவளுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

படத்திலும் அவரைப் போட்டாள். மரத்தடியில் நீலமாக ஒரு தீற்று.

"வெளியில வந்து பார்த்தா எல்லாமே நகருதுப்பா. மேகம், நிழல், ஆடு, எல்லாம். நகராத ஒரே ஆள் இவர்தான்," என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

கடைசி நாளும் வந்தது. மறுநாள் படத்தைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். மஞ்சளில் துளி ஊதாவைக் கலந்து பார்த்தாள். வந்துவிட்டது! எதிரே வெயிலில் நிற்கிற அதே மஞ்சள். மரத்துக்கும் ஒரே நிழல்தான் இப்போது. பட்டாசு எழுந்து நின்று ஒரு குதி குதித்தாள்.

வேலை முடிந்து அப்பா வருவது தெரிந்தது. அவரிடம் தூக்கிக் காட்டுகிற அவசரத்தில் பலகையிலிருந்து கிளிப்புகளைக் கழற்றினாள். கழற்றியிருக்கக் கூடாது.

காற்று ஒரே வீச்சு. தாள் சாலையைத் தாண்டி, சோளத்தின் தலைக்கு மேல் பறந்து, பின்னால் எங்கோ இறங்கியது.

"ஐயோ, என் காலேஜ்!"

கொல்லைக்குள் பாய்ந்தாள். தோகை கன்னத்தைக் கீறியது. இத்தனை பெரிய நிலத்தில் எங்கே என்று தேடுவது? இரண்டு கையாலும் தட்டைகளை விலக்கிக்கொண்டு ஓடினாள்.

ஓட முடியவில்லை. நாலே நாலு வரிசை. அதற்குள் வெட்டவெளியில் வந்து விழுந்தாள்.

அந்த வரிசைகளுக்குப் பின்னால் கொல்லையே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை அறுத்த அடிக்கட்டைகள். கட்டிக் கட்டி நிறுத்தின தட்டைகள். தார்ப்பாயில் மலையாகக் கதிர்கள்.

மூச்சு வாங்க வந்து சேர்ந்த அப்பாவுக்கும் வாய் பிளந்தது. "என்னம்மா இது, சினிமா செட்டு மாதிரி முன்னாடி மட்டும் நிக்குது!"

நிலத்துக்காரர் கதிர்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் அவள் படம். ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருந்த தூசியை மெல்ல ஊதினார்.

"ஒண்ணும் ஆகலைம்மா. மல்லாக்கத்தான் விழுந்துது." உற்றுப் பார்த்தார். "நீலமா படுத்திருக்கறது நானா?"

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பட்டாசு நமுத்துப் போனாள்.

"அண்ணே... இதெல்லாம் எப்போ...?"

"நீ வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம், போனப்புறம் கொஞ்சம்." படத்தை அவளிடம் நீட்டினார். "முடிஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லு. இந்த நாலு வரிசையையும் அறுத்துட்டேன்னா, இனிமே பகல்ல வீட்ல போய்த் தூங்குவேன்."