பல்லி பார்த்த படம்

தியேட்டர் ஒன்றில் ஓர் எலி சீட்டுகளுக்கு அடியில் குடியிருந்தது. ஒரு படத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அபிப்பிராயம் சொல்லாமல் இருக்காது. மேலேயிருந்து பாப்கார்ன் நிறையச் சிந்தினால் நல்ல படம், சிந்தாவிட்டால் மோசம். அவ்வளவுதான் அதன் கணக்கு.

"புதுப்படம் சுத்த அறுவை," என்றது, திரைக்குப் பின்னால் வசித்த பல்லியிடம். "ஒரு பொரிகூடக் கீழே விழலை."

"அட போப்பா! கதாநாயகி சாகிற இடத்துல எனக்கு வாலே கழண்டு விழப் பார்த்துச்சு. பின்னாலேருந்து பார்த்ததுக்கே இப்படி. முன்னாலே போய்ப் பார்த்தா?"

மறுநாள் அந்தக் காட்சி வந்ததும் பல்லி திரையின் ஓரமாக முன்பக்கம் ஊர்ந்து வந்தது. நன்றாகப் பார்க்க வேண்டுமே என்று நடுத்திரைக்கே போய் ஒட்டிக்கொண்டது. செத்துக்கொண்டிருந்த நாயகியின் மூக்கில் பல்லி ஏறியதைப் பார்த்துத் தியேட்டரே வெடித்துச் சிரித்தது. பல்லிக்கோ கண் கூசியது.

படம் முடிந்ததும் எலி புடைத்த வயிற்றோடு வந்தது.

"நான் சொன்னது தப்புப்பா. பிரமாதமான படம்! அந்தச் சாவு சீன்ல என்னா காமெடி! பொரி மழையாக் கொட்டுச்சு."

"காமெடியா? அதுல ஒண்ணுமே இல்லையே. வெறும் வெள்ளைத் துணி."

"அப்புறம் எதைப் பார்த்து எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்க?"

"அதான் எனக்கும் தெரியலை," என்றது பல்லி. "நாளைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கிறேன்."